சாரப் புரதமும் பிஐ3கே வழித்தடமும்: ஓர் ஐயம்

வியாசர்பாடி மாணவி:
முதுகலைக் கருத்தரங்கிற்காக ஐக்யூகேப்1 என்னும் சாரப் புரதத்தை, அதாவது கட்டடச் சாரம்போல் மற்றப் புரதங்களை ஓரிடத்தில் தாங்கிப் பிடிக்கும் புரதத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். உயிரணுக்களின் கொழுப்பு மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஏற்றுபவை லிப்பிட் கைனேஸ் என்னும் நொதிகளே என்றால், வினையூக்கும் திறனே இல்லாத இப்புரதம் புற்றணுக்களின் வளர்ச்சியை எவ்வாறு தூண்டுகிறது? அக்கைனேஸ்களில் ஒன்றான பிஐ3கேயைத் தடுக்கும் மருந்து இருக்கையில் இதை ஏன் குறிவைக்க வேண்டும்?

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
நல்ல கேள்வி, அம்மா. பிஐ3கே தனித்து இயங்குவதில்லை. பாஸ்பாடிடைல் இனோசிட்டால் என்னும் சவ்வுக் கொழுப்பில் முதல் பாஸ்பேட்டைப் பிஐ4கே ஏற்ற, இரண்டாவதைப் பிஐபி கைனேஸ் ஏற்ற, அதன் பிறகே பிஐ3கே மூன்றாவதை ஏற்றிப் பிஐபி3யை உருவாக்குகிறது. இம்மூன்று கைனேஸ்களோடு, பிஐபி3யால் தூண்டப்படும் பிடிகே1, ஏகேடி ஆகிய சமிக்ஞை நொதிகளையும் ஐக்யூகேப்1 ஒரே இடத்தில் பிணைக்கிறது என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. காசிமேட்டில் படகிலிருந்து மீன்கூடைகளை வரிசையாக நின்று கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே ஒரு நொதியின் விளைபொருள் சிதறாமல் அடுத்த நொதிக்குப் போய்ச் சேர்கிறது. கிளர்ந்த ஏகேடி, எம்டார் என்னும் மற்றொரு கைனேஸ் வழியாகப் புரத உற்பத்தியைப் பெருக்கி, உயிரணு இறப்பையும் தடுக்கிறது. பிஐபி3யிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் பிடென் புரதம் பல புற்றுகளில் இழக்கப்பட்டிருப்பதால், அங்கே பிஐபி3 உற்பத்தியின் வேகம் இன்னும் ஆபத்தானதாகிறது.

ராயபுரம் ஆய்வு மாணவர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாரப் புரதம் அளவுக்கு மீறிப் பெருகினால் சமிக்ஞை குறையவும் கூடும், ஏனெனில் கைனேஸ்கள் வெவ்வேறு சாரங்களில் பிரிந்து அமர்ந்துவிடும். ஆகவே அதன் அளவை மட்டும் அளந்து முடிவுக்கு வருவதை உங்கள் கருத்தரங்கில் தவிர்த்துவிடுங்கள். அதே குடும்பத்து ஐக்யூகேப்2 இல்லாத எலிகளுக்குக் கல்லீரல் புற்று வருகிறது என்பதும் கவனத்திற்குரியது; அக்குடும்பம் முழுவதுமே புற்றைத் தூண்டுவது என்று சொல்லிவிட முடியாது.

வியாசர்பாடி மாணவி:
மிக்க நன்றி, ஐயா, அண்ணா. மருந்து குறித்த என் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
2019இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற ஆல்பெலிசிப், பிஐ3கே ஆல்பாவையே தடுக்கிறது. இன்சுலினும் அதே நொதியை நம்பியிருப்பதால் பலருக்கு இரத்தச் சர்க்கரை உயர்கிறது. ஐக்யூகேப்1இல் கைனேஸ்கள் பிணையும் ஐக்யூ3 பகுதியைப் போலச் செய்யப்பட்ட பெப்டைடு (சிறு புரதத் துண்டு), ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் ஏகேடி பாதையைத் தடுத்தபோதும், மற்றொரு வளர்ச்சிச் சமிக்ஞை வழியான இஆர்கே பாதையைத் தொடவில்லை. நொதியை முற்றாக முடக்காமல், அது பிணையும் இடத்தை மட்டும் மறிக்கலாம் என்ற இந்த வழிதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது.