சாதாத் தறியை எடுத்துவிட்டு ரேப்பியர் போடலாமுங்களா?

பல்லடத்துக்காரன்:
வணக்கமுங்க. எங்கள் குடோனில் எட்டு சாதாத் தறி (குறுக்கு நூலை நாடா என்கிற கட்டை கொண்டு போகும் பழைய விசைத்தறி) ஓடுகிறது, எல்லாமே காடா துணி (சாயம் போடாத துணி), கூலிக்குத்தான். உற்பத்தியாளர் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடு நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். நாலு தறியை விற்றுவிட்டு செகண்ட் ஹேண்ட் ரேப்பியர் (நாடா இல்லாத வேகத் தறி) இரண்டு போடலாம் என்று தம்பி நிற்கிறான். வங்கிக் கடன் வாங்கித்தான் போட வேண்டும், அப்பாவுக்கு மனசில்லை. மாறியவர்களுக்குக் கட்டுபடி ஆகிறதா? தார் சுற்றுகிற (நாடாவுக்குள் வைக்க ஊடு நூலைச் சுற்றிக் கொடுக்கிற) அக்கா இரண்டு பேரும் ரொம்ப வருசமாக எங்களோடு இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது என்பதும் உறுத்துகிறது.

சோமனூர் தறி:
வேகத்தில் உங்கள் தம்பி சொல்வது சரிதாங்க. நாடா ஓடுகிற தறி நிமிடத்துக்கு 100, 150 ஊடு போடும், ரேப்பியர் 300-ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் கூலியை முடிவு செய்வது நீங்கள் இல்லையே! 2022-ல் பேசி ஒத்துக்கொண்ட கூலி உயர்வைக் கொடுக்கச் சொல்லி நம் பக்கம் வாரக்கணக்கில் தறியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் தவணை கட்டுகிறவன் நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. கூலியும் வேலையும் இத்தனை வருசத்துக்கு உறுதி என்று உற்பத்தியாளர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள், வாய்ப்பேச்சை நம்பி வேண்டாம்.

தறி மெக்கானிக்:
பழைய ரேப்பியரில் தொல்லை எலக்ட்ரானிக் போர்டுதான். ஒன்று போனால் கோவைக்கு அலைய வேண்டும், அதுவரை தறி சும்மா நிற்கும். 2016 முதல் 2022 வரை இருந்த மத்திய அரசு மானியத்திலேயே புது மெஷினுக்குத்தான் பணம், செகண்ட் ஹேண்டுக்குக் கிடையாது. கரண்டையும் பாருங்கள். 2023-ல் விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750-லிருந்து 1000 யூனிட் ஆக்கினார்கள், சின்ன குடோனுக்கு அது பெரிய தாங்கல். ரேப்பியர் போட்டால் லோடு கூடும், பில்லைக் கணக்குப் போடாமல் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாத் தறியிலேயே நூல் அறுந்தால் தானாக நிற்கிற கருவி பொருத்தலாம், செலவு குறைவு.

அவினாசி அம்மிணி:
அந்த அக்காக்களைப் பற்றிக் கேட்டதற்காகத்தான் எழுதுகிறேன். ரேப்பியரில் நாடாவே கிடையாது, கோனிலிருந்து நேராக நூலை இழுத்துக்கொள்ளும், அதனால் தார் சுற்றும் வேலை அடியோடு போய்விடும். என் அம்மா இருபது வருசத்துக்கு மேல் தார் சுற்றியவர். குடோன் மாறியதும் பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போனார், நாள் முழுக்க நின்று முழங்கால் போய்விட்டது. மெஷினுக்கு மானியம் யோசிக்கிற அரசாங்கம், அந்த மெஷின் வந்ததால் வேலை போனவருக்கு என்ன என்று ஏன் யோசிப்பதில்லை? தார் சுற்றுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள், வயசானவர்கள், சங்கத்தில்கூட அவர்கள் பேர் இருக்காது. நாலு சாதாத் தறி எப்படியும் இருக்கிறதே, ஒருவருக்கு அதில் தார் வேலை கொடுங்கள், இன்னொருவருக்குப் பாவு பிணைக்கவோ துணி செக்கிங் பார்க்கவோ கற்றுக்கொடுங்கள். கற்கிற நாளுக்கும் கூலி கொடுங்கள்.

பல்லடத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்கப் போகிறோம், அவர் மறுத்தால் ரேப்பியர் இப்போதைக்கு இல்லை. மெக்கானிக் அண்ணா, நூல் அறுந்தால் நிற்கிற கருவி பழைய தறி எல்லாவற்றுக்கும் பொருந்துமா? அக்காக்களிடம் நாளைக்கே பேசிவிடுகிறேன்.