முன் அனுமதி: ஒரு மணி நேரக் கெடுவும் ஓயாத கேள்விகளும்

மயிலாப்பூர் மகள்:
சென்ற மாதம் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்காக அம்மாவைச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. சர்க்கரை நோயாளி வேறு. காலை எட்டரைக்கு இன்சூரன்ஸ் டெஸ்கிலிருந்து, சிகிச்சைச் செலவை ஏற்கும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு முன் அனுமதிக் கோரிக்கை போனது. ஒன்பதேகாலுக்கு, சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று கேட்டார்கள். பதில் போனதும், அதை முதலில் கண்டறிந்த மருத்துவரின் சீட்டைக் கேட்டார்கள். தம்பி வீட்டுக்கு ஓடிப் பழைய கோப்பிலிருந்து அதை எடுத்து வந்தான். இரண்டு மணிக்கு மேல் ஸ்கேன் அறிக்கை வேண்டும் என்றார்கள். நாலரைக்கு அனுமதி வந்தபோது அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது. கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குச் செலுத்தும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே 29 சுற்றறிக்கையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கூறியிருக்கிறது. கேள்வி கேட்டே அந்தக் கெடுவைத் தள்ளிப்போட முடியும் என்றால் கெடு எதற்கு? கேட்க வேண்டியதை ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும் என்று விதி வர வேண்டும்.

முன்னாள் டி.பி.ஏ. மருத்துவர்:
அம்மா பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். ஆயினும், காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் டி.பி.ஏ. அமைப்பில் பல ஆண்டுகள் இவற்றைப் பரிசீலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நோய் வரலாறு எழுத வேண்டிய இடம் வெறுமையாக வந்த படிவங்களுக்குக் கணக்கில்லை. நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பியிருக்கலாமே? பரிசீலனை தளர்ந்தால் தேவையற்ற சிகிச்சைகளும் பில்லில் ஏறும். அந்தச் சுமை அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியத்திலும் வந்து விழும்.

மயிலாப்பூர் மகள்:
முன்கூட்டியே அனுப்பாதது மருத்துவமனையின் தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் பாலிசிக்கு ஒன்பது வயது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புதுப்பித்த பாலிசியில், மோசடி என்று நிறுவினாலொழிய, நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது என்பதும் அதே ஆணையத்தின் விதிதான். அப்படியிருக்க, பழைய சீட்டை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறார்கள்?

முன்னாள் டி.பி.ஏ. மருத்துவர்:
காப்பீட்டுத் தொகையை இடையில் உயர்த்தவில்லை என்றால், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆதம்பாக்கம் வாசகர்:
டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரக் கெடு இருக்கிறது. அதைத் தாண்டினால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும். சேர்க்கையின்போது ஆகும் தாமதத்துக்கும் அதே பொறுப்பை வைக்கலாமே?

முன்னாள் டி.பி.ஏ. மருத்துவர்:
படிவம் முழுமையாக வந்திருந்தால் மட்டும் வைக்கலாம். குறையுள்ள படிவத்துக்கு நிறுவனத்தைத் தண்டிப்பது முறையல்ல.

மயிலாப்பூர் மகள்:
எனக்கும் சம்மதம். குறையோடு அனுப்பினால் மருத்துவமனை ஏற்கட்டும். முழுமையாக வந்தும் இழுத்தடித்தால் நிறுவனம் ஏற்கட்டும். எங்கள் விஷயத்தில் அந்தக் கூடுதல் நாளின் அறை வாடகையை இருவருமே ஏற்கவில்லை, நாங்கள்தான் கட்டினோம்.