படலத்தில் ஓட்டை விழுந்தால் வீண்தானா?

கேள்வி (கிருஷ்ணகிரி, வேதியியல் முதுகலை மாணவி):
வணக்கம். எத்தனாலில் கரைத்த 1 மில்லிமோலார் டோடெக்கேன்தயாலில் (தங்கத்தில் ஒட்டி ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமாகப் படியும் கந்தகச் சேர்மம்) தங்க மின்முனையை ஓர் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் ஃபெர்ரிசயனைடு (மின்முனையிலிருந்து எலக்ட்ரானை ஏற்கும் இரும்புச் சேர்மம்) கரைசலில், மின்னழுத்தத்தைச் சீராக மாற்றியபடி மின்னோட்டத்தை அளந்து சோதித்தேன். படலம் ஒழுங்காகப் படிந்திருந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ அற்றுப்போக வேண்டும். எனக்கோ வழக்கமான முகடு மறைந்து, மெல்ல ஏறி மட்டமாக நின்றுவிடும் ஒரு சிறு வளைவு வருகிறது. தேய்த்து மெருகேற்றி மறுபடியும் தொடங்கச் சொல்கிறார் வழிகாட்டி. இந்தக் குறையால் ஏதேனும் பயன் உண்டா?

பதில் 1 (ஓசூர், முலாம் பூசும் பட்டறை):
தேய்ப்பதற்கு முன் அந்த வளைவை நன்றாகப் பாருங்கள். ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் நுண்ணிய ஓட்டைகள் தனித்தனிக் குறு மின்முனைகளாக இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் அயனிகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேர்வதால் வரத்து குறையாமல் மின்னோட்டம் மட்டமாக நிற்கிறது. வருடல் வேகத்தை (மின்னழுத்தத்தை மாற்றும் வேகத்தை) நான்கு மடங்காக்கியும் மட்டம் பெரிதாக மாறாவிட்டால் காரணம் இதுவே. பிறகு செம்பு முலாம் ஏற்றினால், அது ஓட்டைகளில்தான் முதலில் முளைத்து அவற்றின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். (எங்கள் பட்டறையில் பின்ஹோல் என்றாலே சரக்கு திரும்பி வந்துவிடும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.)

பதில் 2 (தருமபுரி, கல்லூரி ஆசிரியர்):
ஓட்டை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. தங்கத்தின் அணுப்படிகள், ஓரணு ஆழமுள்ள குழிகள், வெவ்வேறு திசையில் சாய்ந்த மூலக்கூற்றுத் திட்டுகள் சந்திக்கும் வரப்புகள் ஆகிய இடங்களில் அடுக்கு நெகிழ்ந்திருக்கும். புதிய மூலக்கூறு நுழைய அங்கேதான் இடம் கிடைக்கிறது. 1996இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் வைஸ் குழுவினர், மின்கடத்தும் நீண்ட மூலக்கூறுகளை டோடெக்கேன்தயால் அடுக்கின் இத்தகைய குறைகளில் ஒவ்வொன்றாகச் செருகி, ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் (ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு தனி மூலக்கூறுகளையும் காட்டும் கருவி, STM) தனித்தனியே ஆராய்ந்தனர். சுற்றியிருந்த அடுக்கு, அவற்றை ஒன்றோடொன்று சேராமல் பிரித்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது. குறையே இல்லாத அடுக்காக இருந்திருந்தால் இது எளிதில் கைகூடியிருக்காது.

உங்களிடம் அக்கருவி இல்லாவிட்டாலும், ஃபெர்ரோசீன் (எலக்ட்ரானை எளிதில் இழந்து மின்னோட்ட முகடு தரும் இரும்புச் சேர்மம்) முனையுள்ள தயாலின் நீர்த்த கரைசலில் மின்முனையைச் சிறிது நேரம் மட்டும் நனைத்து, பின் ஃபெர்ரோசீன் முகட்டின் பரப்பிலிருந்து நுழைந்த மூலக்கூறுகளைக் கணக்கிடலாம். நெடுநேரம் ஊறவிட்டால் பழைய மூலக்கூறுகளே இடம்பெயர்ந்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது குறையை அல்ல.

கேட்டவர்:
நன்றி ஐயா. வேகத்தை நான்கு மடங்காக்கியும் மட்டம் அசையவில்லை. வழிகாட்டி சொன்னபடி வேறொரு மின்முனையை மெருகேற்றிக்கொண்டு, இதை ஃபெர்ரோசீனுக்கென எடுத்து வைத்திருக்கிறேன்.