களியக்காவிளை வரை பைக் ரைடு: போலீஸ் குடும்பங்களுக்கு இதனால என்ன கிடைக்கும்?

வேளிமலை | காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். அன்னைக்கு நாகர்கோவில்ல இருந்து கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளை வரை ஒரு ரைடு போகலாம்னு எங்க பைக் குழு முடிவு பண்ணியிருக்கு. ஏறக்குறைய 33 கிலோமீட்டர், 150 வண்டி, ஆளுக்கு 1,000 ரூபா பதிவுக் கட்டணம். செலவு போக மிச்சம் முழுக்க, பணியில இருக்கும்போது உயிர் போன நம்ம மாவட்டக் காவலர் குடும்பங்களுக்கு.

ஏன் களியக்காவிளைன்னு உள்ளூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 2020 ஜனவரி 8 ராத்திரி, அங்க செக்போஸ்ட்ல பணியில இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்னாங்க. ஓய்வுக்குச் சில மாசம்தான் பாக்கி இருந்துது. இப்போ அந்த வழியாப் போற சின்னப் பசங்க கிட்ட கேட்டா பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியல. எனக்கு அது தாங்கல.

அக்டோபர் 21 எதுக்குன்னா, 1959-ல அதே நாள் லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸ்ல சீனப் படை சுட்டு 10 சி.ஆர்.பி.எஃப். காவலர்கள் செத்தாங்க. அந்த நாளைத்தான் நாடு முழுக்க அனுசரிக்கிறாங்க. ஆனா அது ஆயுதப்படை மைதானத்துக்குள்ளேயே நடந்து முடிஞ்சிடுது. ரோட்டுக்குக் கொண்டு வரணும்னு ஆசை. கருத்து சொல்லுங்க.

குழித்துறை ஆறு | காலை 8.25

அண்ணே, உங்க மனசு நல்லது. வழி சரியில்ல. நான் மார்த்தாண்டத்துல கடை வச்சிருக்கேன், அதனால கணக்கைப் பேசுறேன்.

1,000 ரூபாயில டி-ஷர்ட் 350. காலைச் சாப்பாடு 100. பதக்கம், பேனர், மைக் செட், வீடியோ எடுக்க ட்ரோன், எல்லாம் சேர்த்து இன்னொரு 150. கையில நிக்கிறது 400. நூத்தம்பது பேருக்கு 60,000. இது தவிர போக வர ஆளுக்கு 200 ரூபா பெட்ரோல், அது ஒரு 30,000. ஆக ஜனங்க கையில இருந்து 1,80,000 இறங்குது, குடும்பத்துக்குப் போறது அதுல மூணுல ஒரு பங்கு. இதுக்கு அந்த ஆயிரத்தை நேரா பேங்க்ல போட்டா என்ன?

இன்னொண்ணு. ஸ்பான்சர்னு சொல்லிக் கடை கடையா ஏறுவீங்க. கூட ஒரு காக்கிச் சட்டை நின்னா எந்தக் கடைக்காரன் முடியாதுன்னு சொல்லுவான்? அப்படி வாங்குற காசுக்கு நன்கொடைன்னு பேர் வைக்காதீங்க.

ரோட்டையும் யோசிங்க. தக்கலையில இருந்து களியக்காவிளை வரைக்கும் ரெண்டு பஸ் எதிரும் புதிருமா வந்தாலே ஒதுங்க இடம் கிடையாது. சைலன்சரைக் கழட்டுன புல்லட்டு நாலு வந்தாப் போதும், ஆம்புலன்ஸ் சத்தம் எங்க கேக்கப் போகுது?

ஆரல்வாய்க் காற்று | காலை 9.02

நான் வரமாட்டேன். காரணத்தை ஒளிக்காமச் சொல்றேன்.

இந்த மண்ணுல போலீஸ்னா என்னன்னு என் தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1954 ஆகஸ்ட் 11, நம்ம பகுதி அப்போ இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல பட்டம் தாணு பிள்ளை ஆட்சி. தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டதுக்கு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் ஜனங்களைச் சுட்டாங்க. 1956 நவம்பர் 1-ல நாம இந்தப் பக்கம் வந்தது அந்த ரத்தத்தைத் தாண்டித்தான். நீங்க போற அதே ரோட்டுல மார்த்தாண்டம் இருக்கு, கொஞ்ச தூரத்துல புதுக்கடை இருக்கு. அங்க வண்டியை நிறுத்துவீங்களா?

பழைய கதைன்னு சொல்லாதீங்க. வில்சன் செத்த அதே 2020-ல, ஜூன் மாசம், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்துல அப்பனும் மகனும் போலீஸ் காவல்ல அடிபட்டுச் செத்தாங்க. போலீஸ்காரங்க மேலயே சி.பி.ஐ. கொலை வழக்கு நடத்த வேண்டி வந்தது. வில்சன் வீட்டுக்கு அழுறேன். ஆனா காக்கிக்குக் கொடி பிடிச்சுட்டு ஊர்வலம் போக எனக்குக் கால் வராது.

பாராக்காரன் | காலை 11.40

நான் ரிட்டயர்ட் சிறப்பு எஸ்.ஐ. (எஸ்.எஸ்.ஐ.). எனக்க சர்வீஸ்ல ஒம்பது வருசம் எல்லை செக்போஸ்டுகள்லதான் போச்சு.

ஆரல்வாய்க் காற்று தம்பி, நீ சொன்னதுல ஒண்ணையும் நான் மறுக்கல. சாத்தான்குளம் சேதி வந்த அன்னைக்கு எனக்க வீட்டுல நான் சாப்பிடல. ஆனா ஒண்ணு பாரு. செத்தவனுக்க பொண்டாட்டி யாரையும் அடிக்கல. அவ படுத கஷ்டத்தைப் பேசும்போ சாத்தான்குளத்தை இழுத்தா, அது அவளுக்கும் நியாயம் இல்ல, சாத்தான்குளத்துல செத்தவங்களுக்கும் நியாயம் இல்ல.

செக்போஸ்ட் ராத்திரி எப்படி இருக்கும்னு பலருக்குத் தெரியாது. ஒரு டார்ச்சு, ஒரு லத்தி, ஒரு நோட்டு. ரேஷன் அரிசி அங்கோட்டு போகும், இறைச்சிக் கழிவு இங்கோட்டு வரும், கல்லு லாரி விடிய விடிய ஓடும். கையைக் காட்டுவோம். லாரி நிக்கும், இல்ல மேல ஏறும். அந்த நொடியில லைட்டு கண்ணைக் குத்தும்போ டிரைவருக்க மொகம் தெரியாது. வண்டிச் சத்தத்தை வச்சுத்தான் நிக்கப் போறானா, அமுக்கப் போறானான்னு கணிப்போம். எனக்க கூட்டாளி ஒருத்தன் ரெண்டு தடவை ஓடையில சாடித் தப்பிச்சான்.

காசு விசயத்துக்கு வாறேன். வில்சன் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி அறிவிச்சுது. 2021 பிப்ரவரில ஏரல்ல எஸ்.ஐ. பாலுவை வண்டி ஏத்திக் கொன்னான், அவருக்கு 50 லட்சம். அதே வருசம் நவம்பர்ல ஆடு திருடனுவளைப் பைக்ல விரட்டிப் போன எஸ்.எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டினானுவ, அவருக்கு ஒரு கோடி. எல்லாருக்கும் போனது ஒரே உயிருதான். தொகை மட்டும் ஏன் மாறுது? இதெல்லாம் பேப்பர்ல வந்த சாவு. ராத்திரி பாராவுல நெஞ்சடைச்சுச் செத்தவன், பந்தோபஸ்து முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல வண்டியோட விழுந்தவன், இவங்கதான் எண்ணிக்கையில கூடுதல். அவங்க வீட்டுக்கு மந்திரி போகமாட்டாரு.

அவங்களுக்குக் கைகொடுக்கது கூடப் படிச்சவனுவதான். ஒரே வருசம் ட்ரெயினிங் முடிச்ச பிள்ளைங்க டெலிகிராம்ல குழு வச்சு, ஒருத்தன் செத்தா ஆளுக்கு 500 ரூபா போடுகானுவ. தமிழ்நாடு பூரா ஆயிரக்கணக்குல ஆளு உண்டு, அதனால லட்சக்கணக்குல சேந்துடும். டி-ஷர்ட் கெடையாது, மைக் கெடையாது. வேளிமலை, நீ ரைடு நடத்து, நான் தடுக்க மாட்டேன். ஆனா இவங்க கிட்டக் கேட்டுட்டு நடத்து.

பாறசாலைத் தமிழன் | பகல் 1.15

நான் எல்லைக்கு அந்தப் பக்கம். களியக்காவிளையோட நிறுத்தாதீங்க, பாறசாலை வரைக்காவது வாங்க. செக்போஸ்டுக்கு ரெண்டு பக்கமும் போலீஸ் நிக்குது. கேரளப் போலீஸ்ல தமிழ் பேசுற வீட்டுப் பிள்ளைகள் இருக்காங்க, அந்த வீடுகளிலும் சாவு விழுந்திருக்கு. ரெண்டு மாநிலத்திலும் அனுமதி வாங்கணும், அலைச்சல்தான். இந்தப் பக்கத்து அலைச்சலை நான் பார்த்துக்கிறேன்.

வேளிமலை | மாலை 4.30

எல்லாருக்கும் ஒண்ணா பதில் சொல்றேன்.

சைலன்சர் விசயத்துல குழித்துறை ஆறு சொன்னது சரி. கம்பெனி சைலன்சர் இல்லாத வண்டிக்குப் பதிவு கிடையாது. ரேஸ் கிடையாது, 40-க்கு மேல யாரும் போகக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு என்னன்னு எங்களுக்கும் தெரியும், அனுமதி இல்லாம ரோட்டுல வேகப் போட்டி வச்சா ஜெயில் வரைக்கும் போகும். முன்னால ஒரு வண்டி வழி காட்டும், கடைசியில ஒரு வண்டி யாரையும் விட்டுடாமக் கூட்டிட்டு வரும்.

கடைகள்ல வசூல் கிடையாது. அதையும் எடுத்துட்டேன்.

ஆனா நேரா பேங்க்ல போடலாமேன்னு கேட்டீங்களே, ஒரு கேள்வி. ஆறு வருசமா அந்த ரோட்டுல போறீங்க, ஒரு தடவையாவது போட்டீங்களா? நான் போடல. பசங்களும் போடல. வண்டியைக் கிளப்பினாத்தான் எங்க பசங்களுக்கு மனசு கிளம்புது. அமெரிக்காவுல 1997-ல இருந்து மே மாசம் போலீஸ்காரங்களே கூட்டமா வாஷிங்டன்ல உள்ள காவலர் நினைவுச் சின்னம் வரைக்கும் ஓட்டிட்டுப் போறாங்க, நிதி திரட்டுறாங்க. அங்க செத்த காவலர் குடும்பங்களுக்குன்னே 1984-ல இருந்து ஒரு அமைப்பு இயங்குது. நம்ம ஊர்ல ஏன் கூடாது?

குழித்துறை ஆறு | மாலை 5.05

ஒரு தடவையும் போடலதான். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்.

ஆனா நீங்க சொல்ற அமெரிக்கப் பயணம் மிதிவண்டியில. பல நாள் மிதிக்கிறாங்க. உடம்பு வலிக்க ஓட்டுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. 33 கிலோமீட்டர் புல்லட்டுல போறது நமக்குச் சந்தோசம். சந்தோசமா இருக்கட்டும், ஆனா அதைத் தியாகம் மாதிரிப் பேச வேண்டாம். அறுபதாயிரம் எந்த வீட்டுக்கு, யார் முடிவு பண்ணுவா, கணக்கை யார் பார்ப்பா? அதுக்கு இன்னும் பதில் வரல.

கடைசி லைன் வீடு | இரவு 9.48

இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எழுதணுமான்னு யோசிச்சேன்.

எங்க அப்பா ஏட்டு. 2019-ல் மண்டைக்காடு கோயில் கொடை விழா பந்தோபஸ்து முடிஞ்சு விடியற்காலம் வீட்டுக்கு வரும்போது விபத்துல இறந்தார். நான் அப்போ பதினொண்ணாம் வகுப்பு. டிபன் கேரியர் நசுங்காம இருந்தது. உள்ள ரெண்டு இட்லி மிச்சம். அம்மா அதைக் கழுவ விடல, மூணு நாள் அப்படியே வச்சிருந்தாங்க. தொப்பி இப்பவும் பீரோ மேல பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்கு.

2003 ஏப்ரலுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர்ங்கிறதால அப்பா பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துல இருந்தார். எங்களுக்கு மாசாமாசம் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வாரிசுச் சான்றிதழ்ல அம்மாவோட இனிஷியல் ஒரு மாதிரி, பணிப்பதிவேட்டுல வேற மாதிரி. அதைத் திருத்த ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸ், பதினோரு மாசம். கருணை அடிப்படையில வேலைக்கு மூணு வருசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. தற்செயலா, பஸ்ல பக்கத்துல உட்கார்ந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரிஞ்சது. அப்போ நாலு மாசம்தான் பாக்கி.

பாராக்காரன் மாமா சொன்ன அந்த 500 ரூபா எங்களுக்கும் வந்தது. வீட்டு அட்வான்ஸும் என் காலேஜ் ஃபீஸும் அதுதான். ஒருத்தர் பேரும் தெரியாது. அம்மா இன்னும் அந்த பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து வச்சிருக்காங்க.

வேளிமலை அண்ணா, ரைடு வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அப்பா இறந்த முதல் வருசம் எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. ரெண்டாவது வருசம் ஒரு போன் கூட வரல. அப்பா பேரை யாராவது சத்தமாச் சொன்னா நல்லா இருக்கும்னு நான் ஏங்கியிருக்கேன். அதனால குழித்துறை ஆறு அண்ணாவுக்குச் சொல்றேன், காசு மட்டும்தான் கணக்குன்னு நினைக்காதீங்க.

ஆனா அம்மாவை மேடை ஏத்தாதீங்க. பெரிய அட்டையில செக் எழுதி, அதை அவங்க பிடிச்சு நிக்க, போட்டோ எடுக்க வேண்டாம். ஒரு தடவை அப்படி ஒரு விழாவுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. மேடையில அம்மாவுக்குச் சேலைத் தலைப்பை எங்க வைக்கிறதுன்னு தெரியல, கை நடுங்குச்சு. செக் அட்டை கீழ விழுந்துச்சு. திரும்பி வரும்போது பஸ்ல ஒரு வார்த்தை பேசல.

சுட்டுக் கொல்லப்பட்டவங்க வீட்டுக்கு மட்டும் கொடுக்காதீங்க. எங்க அப்பாவும் டியூட்டிக்குத்தான் போனார்.

ஆரல்வாய்க் காற்று | இரவு 10.20

தங்கச்சி, நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் ரைடுக்கு இப்பவும் வரமாட்டேன், அந்த முடிவு மாறல. ஆனா நான் இ-சேவை மையம் வச்சிருக்கேன். வாரிசுச் சான்று, பெயர்த் திருத்தம், கருணை வேலை விண்ணப்பம், இதுல எந்தக் காகிதத்துக்கு எது முன்னால வேணும்னு எனக்குத் தெரியும். எந்தப் போலீஸ் வீட்டுல இருந்து வந்தாலும் காசு வாங்காமச் செய்து தர்றேன். போலீஸ் அடிச்சுச் செத்தவங்க வீட்டுல இருந்து வந்தாலும் அதே மாதிரிதான்.

பாராக்காரன் | இரவு 10.55

மக்களே, அப்பாவுக்க பேரை எனக்குத் தனியா எழுதி அனுப்பு. மண்டைக்காடு கொடை பந்தோபஸ்துல நான் பல வருசம் நின்னிருக்கேன், ஆளைத் தெரிஞ்சிருக்கும்.

குழித்துறை ஆறு கேட்ட கேள்விக்கு: நம்ம மாவட்டத்துல கடைசிப் பத்து வருசத்துல டியூட்டில இருக்கும்போ செத்தவனுவளுக்க வீட்டுப் பட்டியல் நான் எடுக்கேன். குண்டு, விபத்து, நெஞ்சுவலின்னு பிரிக்க மாட்டேன். எந்த வீட்டுல பிள்ளைங்க இப்போ படிச்சுட்டு இருக்கோ அந்த வீடு முதல்ல.

வேளிமலை | மறுநாள் காலை 6.40

ராத்திரி பசங்களோட பேசினேன். டி-ஷர்ட் இல்ல, பதக்கம் இல்ல, ட்ரோன் இல்ல. காலையில ஆளுக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும், அதுவும் அவங்கவங்க காசு. 1,000 ரூபாயும் அப்படியே போகும். நூத்தம்பது பேர் வந்தா ஒன்றரை லட்சம். கணக்கைக் குழித்துறை ஆறு பார்க்கணும், பேங்க் கணக்குல அவர் கையெழுத்தும் வேணும். மேடை கிடையாது. செக்போஸ்ட் பக்கத்துல வண்டியை அணைச்சுட்டு, பட்டியல்ல உள்ள எல்லாப் பேரையும் சத்தமாப் படிப்போம். பாறசாலையில இருந்து பேர் வந்தா அதையும் சேர்த்து.

குழித்துறை ஆறு | மறுநாள் காலை 7.15

கையெழுத்துப் போடுறேன். மார்த்தாண்டத்துல மேம்பாலத்துல போவீங்களா, கீழ போவீங்களா?

வேளிமலை | மறுநாள் காலை 7.20

மேல. காலை ஆறரைக்குள்ள தாண்டிடுவோம், ஸ்கூல் பஸ் இறங்குறதுக்கு முன்னால.