காலேஜ் கோச்சைப் பெரிய கிளப் கூப்பிடுகிறது: "போகாதீங்க" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

சமாதானபுரம் லெஃப்ட் பேக் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் ஃபுட்பால் கோச்சைப் பற்றித்தான் கேள்வி. அவர் பெயரும் வேண்டாம், கல்லூரி பெயரும் வேண்டாம்.

கேரளாவில் ஒரு ப்ரொஃபஷனல் கிளப், தன் இளையோர் அணிக்கு உதவிக் கோச்சாக வரச் சொல்லி அவரிடம் பேசியிருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பூரா இதே பேச்சுதான். "வளர்த்துவிட்ட இடத்தை மறந்துட்டாரு" என்கிறார் ஒருவர். "துட்டு கண்டதும் பையன்க ஞாபகம் போயிருச்சி" என்கிறார் இன்னொருவர். அவரை விடக்கூடாது என்று முதல்வரிடம் மனு கொடுக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அடுத்த மேட்சில் "போகாதீங்க சார்" என்று ஃப்ளெக்ஸ் கட்ட இன்னொரு கூட்டம் காசு பிரிக்கிறது. என்னிடமும் கேட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு கிரவுண்டுக்குப் போய்விடுவேன். அவர் வந்த புதிதில் டீம் இருந்த நிலைமை எனக்குத் தெரியும். பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடு. கோல் போஸ்டில் வலை கிடையாது. கூத்தங்குழியிலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, அவரே கட்டினார். இப்போதும் அந்த வலைதான். பந்து வேகமாக உள்ளே போனால் வலது மூலையில் சுருட்டிக்கொள்ளும், கீப்பர் குனிந்து பிரித்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் தெற்குக் கார்னரில் தண்ணீர் கட்டாமல் இருக்க அவரும் பையன்களும் சேர்ந்துதான் வாய்க்கால் வெட்டினார்கள்.

இதற்கெல்லாம் அவர் வாங்குவது தொகுப்பூதியம். லீவு மாதத்துக்கு அதுவும் கிடையாது. நான் படித்த இடத்தைப் பற்றி இப்படி எழுத மனசு வலிக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அவரை விடக்கூடாது என்று இன்றைக்கு மனு எழுதுகிறவர்களில் ஒருவர்கூட அவருக்கு மே மாதச் சம்பளம் கேட்டு மனு எழுதியதில்லை.

ஆனாலும் "நல்லா போயிட்டு வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை நம்பியே வந்து சேர்ந்த பையன்கள் இரண்டாம் வருடத்தில் இருக்கிறார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி வேறு நெருங்குகிறது. ரசிகர்களாக நாங்கள் என்ன செய்வது சரி? இதே நிலைமையைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கூடுதாழை ஸ்ட்ரைக்கர்:

அண்ணாச்சி, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஆடியவன் நான்.

எங்கள் ஊரில் கடற்கரை மணலில்தான் ஆட்டம். மணலில் ஆடி வளர்ந்தவனுக்குக் காலில் பலம் இருக்கும். ஆனால் பாளை செம்மண் தரையில் பந்து எழும்பி வருகிற வேகம் பிடிபடாது. அதை எனக்குப் பழக்கியவர் அவர். அதைவிடப் பெரிய காரியம், என் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது. விடியுமுன்னே கடலுக்குப் போக வள்ளத்தில் நான் வேண்டும், அதனால் படிப்பு, பந்து எதுவும் வேண்டாம் என்று அப்பா உறுதியாக இருந்தார். சார் திசையன்விளை வழியாக பைக்கில் வந்தார். அப்பா வலையின் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வலையின் மறுமுனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஃபுட்பால் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீலா மீன் என்ன விலை போகிறது, டீசல் மானியம் வந்ததா, எந்த மாதத்தில் மீன்பாடு அதிகம் என்று இவைதான். கடைசியில் கேட்டார்: "எந்த மாசம் உங்களுக்குப் பையன் கண்டிப்பா வேணும்? அந்த மாசம் நானே அனுப்பி வைக்கேன்." சொன்னபடியே செய்தார்.

அவரைக் காசுக்காகப் போகிறார் என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். காசுக்காகவே போகட்டுமே, அதில் என்ன தப்பு? அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

மேலப்பாளையம் 10:

நான் எதிர்ப்பக்கம். என் தம்பி அந்த டீமில் இரண்டாம் வருடம். வேறு கல்லூரியில் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் தருவதாகச் சொல்லியும், இவரை நம்பி இங்கே சேர்ந்தான். இவர் போகப் போகிற செய்தியை வாட்ஸ்அப் ஃபார்வர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கோச்சுக்கு முன்னேற உரிமை உண்டு, சரி. என் தம்பிக்கு அவர் வாயால் கேட்க உரிமை இல்லையா?

ஆன் ஆர்பர் நெல்லைக்காரன்:

எனக்கு ஊர் வண்ணாரப்பேட்டை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கேயே ஆன் ஆர்பரில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்பதை நாங்கள் இங்கே வருஷா வருஷம் ஜனவரி வந்தால் அனுபவித்தோம். ஆட்டம் வேறு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆனால் ரசிகன் மனசு ஒன்றுதான். எங்கள் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரி அணிக்கு!

கோச் ஜிம் ஹார்பா இதே அணிக்குக் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக ஆடியவர். 2015 சீசனிலிருந்து கோச். நம்ம வீட்டுப் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று ஊரே கொண்டாடியது. அப்படிப்பட்டவர் 2022 பிப்ரவரி 2 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற ப்ரொஃபஷனல் அணியின் நேர்காணலில் இருந்தார். அது எந்த நாள் தெரியுமா? பள்ளிப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்துப் போடுகிற நாள். எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த வேலை அமையாமல் திரும்பி வந்தார். அடுத்த ஜனவரியிலும் டென்வர் ப்ரொஃபஷனல் அணியோடு பேச்சு, மறுபடியும் இங்கேயே இருந்தார். 2024 ஜனவரி 8, ஹூஸ்டனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனோம். அந்த சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி. அதே மாதம் 24-ஆம் தேதி, சார்ஜர்ஸ் என்ற ப்ரொஃபஷனல் அணிக்குப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. விதிமீறல் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம், அதற்குப் பயந்து ஓடுகிறார் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் நான் பழகும் வட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நன்றிதான் சொன்னார்கள். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் என்ன சண்டை?

மனசு ஆறாத கதையும் இருக்கிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்.எஸ்.யு. அணியை 2003 சீசனில் சாம்பியனாக்கிய நிக் சேபன், 2004 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் என்ற ப்ரொஃபஷனல் அணிக்குப் போனார். இரண்டு சீசனில் 15 வெற்றி, 17 தோல்வி. அலபாமா பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது என்று பேச்சு வந்தபோது, நான் அங்கே கோச் ஆகப் போவதில்லை என்று 2006 டிசம்பரில் நிருபர்கள் முன்னால் சொன்னார். 2007 ஜனவரி தொடக்கத்திலேயே அலபாமாவில் சேர்ந்துவிட்டார். மயாமிக்காரர்களுக்கு அந்த வார்த்தையை மன்னிக்க முடியவில்லை. லூசியானாக்காரர்களுக்கு, தங்கள் பரம எதிரி அணிக்கு அவர் வந்து நின்றதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், அவர் இல்லாமலேயே எல்.எஸ்.யு. 2007 சீசனில் மறுபடியும் சாம்பியன் ஆனது.

மேலப்பாளையம் சகோதரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹார்பா போனபோது இங்கே ஒரு விதி இருந்தது: தலைமைக் கோச் விலகினால், ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாற விண்ணப்பிக்க 30 நாள் அவகாசம். நம்ம ஊர்ப் பையன் டிகிரிக்கு நடுவில் கல்லூரி மாறுவது லேசான காரியமா? அதனால் உங்கள் கோச் நாளைக்கே பையன்களைக் கூட்டி நேரில் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆள் யார் என்று கல்லூரி உடனே சொல்ல வேண்டும். ஹார்பா போன இரண்டாவது நாளே உள்ளேயிருந்த உதவிக் கோச்சைத் தலைமைக் கோச் ஆக்கினார்கள். அதனால்தான் டீம் சிதறவில்லை.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

தம்பி, ரசிகர்கள் பேசுவதை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கோச்சிடம் நான் கேட்கச் சொன்னதாக இரண்டு விஷயம் கேளுங்கள்.

அவரிடம் எந்தக் கோச்சிங் லைசென்ஸ் இருக்கிறது? நம் நாட்டில் டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். கல்லூரி டீமுக்கு வருஷத்தில் கிடைக்கிற மேட்ச் கொஞ்சம், கிளப்பில் சீசன் முழுக்க மேட்ச். மேலே போக நினைக்கிறவனுக்கு அந்த அனுபவம் இங்கே கிடைக்காது. கேரளாவில் 2024-இல் சூப்பர் லீக் கேரளா ஆறு அணிகளோடு தொடங்கியிருக்கிறது, அங்கே கோச்சுகளுக்குத் தேவை கூடியிருக்கிறது. அவர் போக நினைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., ஐ-லீக் என்ற தேசியக் கிளப் போட்டியில் 2018-19 சாம்பியன். 2021-22 ஐ-லீகில் அந்த அணியே இல்லை. 2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், நாட்டின் முதல்நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாதம் பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்குச் சம்பளத்தை நிறுத்தியது, 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெரிய இடம் என்றால் நிரந்தரம் என்று அர்த்தமில்லை. சீசன் நின்றால் சம்பளம் உண்டா, எத்தனை மாத நோட்டீஸ் என்று எழுத்தில் வாங்கட்டும்.

மனு கொடுப்பதாக இருந்தால் ஆளைப் பிடித்துவைக்கக் கொடுக்காதீர்கள். அந்த வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் கேட்டுக் கொடுங்கள். இவர் இருந்தால் இவருக்கு, போனால் வருகிறவருக்கு. இல்லையென்றால் அடுத்து வருகிறவரும் இரண்டு சீசனில் கிளம்பிவிடுவார்.

சமாதானபுரம் லெஃப்ட் பேக்:

எல்லாருக்கும் நன்றி. பி.டி. சார் சொன்ன இரண்டையும் இன்று சாயங்காலம் கோச்சிடம் நேரிலேயே கேட்டேன். சி லைசென்ஸ் முடித்திருக்கிறார், பி-க்கு விண்ணப்பிக்க யோசனை. நோட்டீஸ் விஷயம் ஒப்பந்தத்தில் இல்லையாம், எழுதிக் கேட்கிறேன் என்றார்.

மேலப்பாளையம் தம்பி, உங்கள் வார்த்தையை அப்படியே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிராக்டிஸ் முடிந்ததும் பையன்களை உட்கார வைத்து, கிளப் கேட்டிருப்பதையும் தான் இன்னும் பதில் சொல்லாததையும் சொன்னார். பல்கலைக்கழகப் போட்டி முடிகிறவரை எங்கும் போவதில்லை என்றார். கிளப் அதுவரை காத்திருக்குமா என்பது அவருக்கும் தெரியவில்லை. உங்கள் தம்பிதான் முதலில் கை தூக்கினான். "போனா எங்களுக்கு யாரு சார்?" என்று கேட்டான். மூன்றாம் வருட கேப்டனையும் கூடவே வைத்துப் பழக்குகிறேன், நிர்வாகத்திடமும் பேசுகிறேன் என்றார்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று குழுவில் எழுதிவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பழைய மனுவைக் கிழித்துவிட்டு, பன்னிரண்டு மாதச் சம்பளம், உதவிக் கோச் பதவி ஒன்று என்று புது மனு எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கடையில் இருப்பேன். பழைய மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடலாம். பி.டி. சார், நிர்வாகத்துக்கு எழுதும் முறை உங்களுக்குத் தெரியும், வாசகத்தை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?