தோசை ஊற்றிய கைக்கு க்ரெப் படியவில்லை

வடசேரிக்காரி:

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்த மறுநாளே, க்ரெப் வேண்டும் என்றாள். பிரான்ஸ் நாட்டுத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகத் தோசை ஊற்றுகிறவளுக்கு இது ஒரு வேலையா என்று இறங்கினேன். மைதா 250 கிராம், முட்டை 4, பால் அரை லிட்டர், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அளவில் தப்பே கிடையாது. தப்பெல்லாம் கையில்தான்.

இரும்புக் கல்லைக் காயவைத்துத் தண்ணீர் தெளித்தேன். 'சுர்' என்றது. நடுவில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, பழக்க தோஷத்தில் வட்டமாக இழுத்தேன். மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிட்டது. அரிசி மாவின் மேல் கரண்டி வழுக்கிக்கொண்டு போகும், நமக்குத் தெரியும். மைதாவும் முட்டையும் சேர்ந்தது சூடு பட்ட உடனே தோல் மாதிரி பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் கரண்டி வைத்தால் கிழிசல்தான். மூன்றாவதைப் பார்த்துவிட்டு மகள், "அம்மா, இது முட்டைப் பொரியல்" என்றாள்.

சட்டியைத்தான் சுற்ற வேண்டும், கரண்டியை அல்ல என்று அப்புறம் சொல்கிறாள். முதலிலேயே சொல்வதற்கு என்ன! ஆப்பச்சட்டியைச் சுற்றுகிற அதே மணிக்கட்டு வேலைதான். ஆனால் ஆப்பத்துக்கு மாவு நடுவில் தேங்க வேண்டும், இதில் தேங்கவே கூடாது. நான்ஸ்டிக் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிச் சாய்த்துப் பிடித்து, மாவை விட்ட கையோடு ஒரு சுற்று. 24 சென்டிமீட்டர் சட்டிக்குக் கால் கப்புக்கும் குறைவாகவே போதும். கூடிப்போனால் மிச்சத்தைக் கிண்ணத்திலேயே திருப்பி ஊற்றிவிடலாம். ஓரம் பழுப்பாகிச் சருகு மாதிரி எழும்பினால் திருப்பும் நேரம்.

ஆறாவதுதான் க்ரெப் ஆனது. இதில் கை சுட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனசுக்கு ஒரு ஆறுதல்.

குளச்சல்காரன்:

அக்கா, கரண்டி வைத்து இழுத்ததற்காக வெட்கப்பட வேண்டாம். க்ரெப்பின் சொந்த ஊர் பிரான்சின் மேற்கே கடலோரத்தில் இருக்கும் பிரிட்டனி. அங்கே கடைகளில் சட்டியைச் சுற்றுவதே இல்லை. 'பிலிக்' என்று பெரிய வட்டமான இரும்புக்கல். அதில் மாவை விட்டு, முனையில் குறுக்குக்கட்டை வைத்த ஒரு மரக்குச்சியால் ஒரே வீச்சில் பரத்துவார்கள். அழுத்தக் கூடாது, குச்சி மாவின் மேல் மிதந்து போக வேண்டும். நீங்கள் தோசைக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தியிருப்பீர்கள்.

நான் கப்பல் சமையலறையில் ஒன்பது வருடம் இருந்தேன். எனக்கு மேலே இருந்த குக் பிரிட்டனிக்காரர். மாவு கரைத்தால் ஒரு மணி நேரம் தொடவிட மாட்டார். ஒருநாள் அவசரத்தில் கரைத்த உடனே ஊற்றினேன். ஊற்றியதெல்லாம் ரப்பர் ஷீட். ரப்பர் ஷீட் எப்படி இருக்கும் என்று ரப்பர் தோட்டம் இருக்கும் நம்ம குமரி மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். மைதாவை அடித்துக் கலக்கும்போது அதன் பசை முறுக்கிக்கொள்கிறது. சும்மா வைத்தால் அது தளர்கிறது, மாவும் பாலை நன்றாகக் குடிக்கிறது, நுரையும் அடங்குகிறது. ஒன்று மட்டும் கவனம்: நம்ம ஊர் மே மாத வெக்கையில் முட்டை கலந்த மாவை வெளியே வைக்காதீர்கள். இது புளிக்கவேண்டிய மாவு இல்லை. ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இன்னொன்று. இனிப்புக்குத்தான் மைதா. உப்புக்கு அங்கே 'கலெத்' என்று தனியாக உண்டு, வட இந்தியாவில் குட்டு என்கிறார்களே, இங்கிலீஷில் பக்வீட், அந்த மாவில். கறுப்பாக இருக்கும். அது கோதுமை இனமே அல்ல. நடுவில் முட்டையும் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்து நாலு பக்கமும் மடக்கித் தருவார்கள்.

பிப்ரவரி 2 அன்று நம்ம கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில்களில் மெழுகுதிரி மந்திரிப்பார்கள் அல்லவா, அதே நாளில் பிரான்சில் வீட்டுக்கு வீடு க்ரெப். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் க்ரெப்பை வீசித் திருப்பினால் அந்த வருடம் காசு தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கப்பல் ஆட்டத்தில் நான் வீசியது அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. காசு தங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அருமனைப் பையன்:

எங்கள் வீட்டில் பாட்டிக்கு முட்டை ஆகாது. முட்டை இல்லாமல் முயன்றேன். மைதா, பால், வெண்ணெய் மட்டும். ஊற்ற வந்தது, திருப்ப வரவில்லை. சட்டுவத்தில் தூக்கினால் நடுவில் பிய்ந்து தொங்கியது. இரண்டு ஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) சேர்த்து, தீயைக் குறைத்து, கூடுதலாக அரை நிமிஷம் விட்டபோது ஒருவழியாகத் திரும்பியது. ருசி சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே வைத்ததுதான் காப்பாற்றியது. மட்டி வாழைப்பழம் நாலு, வெண்ணெயில் ஒரு புரட்டு, மேலே கருப்பட்டிப் பாகு. ஏத்தம்பழத்திலும் (நேந்திரம்பழம்) செய்தேன், அது மாவு மாதிரி திம்மென்று இருந்தது. மட்டிதான் சரி, அந்த வாசனை போதும். பாகு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை வரை ஓடும்.

தக்கலை மாமி:

எல்லாரும் என்னமோ புதுசு மாதிரி பேசுகிறீர்கள். சுருளப்பம் தின்றதில்லையா மக்களே? மைதாவில் முட்டை அடித்து மெல்லிசாக ஊற்றி, தேங்காய்த்துருவலும் சீனியும் ஏலக்காயும் வைத்துச் சுருட்டுவோமே. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் விடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் ஒரு கதை விடுவார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்துவிட்டு இங்கேயே காலமானார் இல்லையா, கல்லறை கூட நமக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில்தான் இருக்கிறது. அவர் பிறந்த அராஸ் இன்றைக்குப் பிரான்சில் இருக்கிறதாம். அதனால் சுருளப்பம் அவர் கொண்டுவந்ததாம். ஒரு ஆதாரமும் கிடையாது, நாலாவது சுருளப்பத்தை எடுப்பதற்கு ஒரு சாக்கு.

குறிப்பு ஒன்று தருகிறேன். சட்டிக்கு வெண்ணெயை ஊற்றாதீர்கள். கத்தரிக்காய்க் காம்பையோ பாதி வெங்காயத்தையோ வெண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். கொழுப்பு கூடினால் மாவு பிடிக்காமல் ஓடி, ஓட்டை ஓட்டையாக வரும். முதல் க்ரெப் பாழாவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வடசேரிக்காரி:

மாமி, வெங்காயத்தைத் தேய்த்துப் பார்த்தேன், முதலாவதே முழுசாக வந்தது. குளச்சல் தம்பி சொன்னபடி மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், கொஞ்சம் கெட்டியாகியிருந்ததால் கால் டம்ளர் பால் விட்டேன். பதினாறு வந்தது. மகள் சாக்லேட் தடவி ஐந்து, அவள் அப்பா மட்டிப்பழம் வைத்து நாலு.

மிச்சத்தை மூடி வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் என் மாமியார் இரண்டைத் தட்டில் போட்டு, மத்தியானத்து நெத்தோலிக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மாவில்தான் சீனி போடவில்லையே! "தோசை நல்லாத்தான் இருக்கு மோளே, கொஞ்சம் புளிக்கணும்" என்றார்.