பவர் பிரஸ் விபத்து வழக்கு: ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதா, எதிர்த்து வாதாடுவதா?

குறிச்சி பட்டறை:
அனைவருக்கும் வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஷீட் மெட்டல் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தொழிலாளர்கள் 34 பேர், பவர் பிரஸ்கள் (தகட்டை விசையுடன் அழுத்தி வடிவம் தரும் இயந்திரங்கள்) எட்டு. 2025 ஜூன் மாதம் 50 டன் பிரஸ்ஸில் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனி எலும்பு முறிந்தது. இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். விபத்து அறிவிப்பை உரிய நேரத்தில் அனுப்பினோம். அடுத்த வாரமே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து துணை இயக்குநர் நேரில் வந்து, இரண்டு பிரஸ்களில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) இருக்கும் பகுதிக்குள் கை போகாமல் தடுக்கும் காப்பு இல்லை என்று குறிப்பெழுதிச் சென்றார். விளக்கம் கேட்ட அறிவிப்புக்குப் பதிலும் கொடுத்தோம். ஆனாலும் விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவை மீறியதாக இப்போது நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. பேட்டையில் கேட்டவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வந்து வேலையைப் பாருங்கள் என்கிறார்கள். என் மைத்துனர் மட்டும், ஒருமுறை தண்டனை பதிவாகிவிட்டால் பின்னால் சிக்கல் என்கிறார். எது சரி?

லைசென்ஸ் கன்சல்டன்ட்:
பேட்டைக்காரர்கள் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்தது. இந்தச் சட்டத்தில் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை. இயந்திரம் ஓடியது, காப்பு இல்லை, அவ்வளவு போதும். ஆய்வுக் குறிப்பு இருக்கிறது, விபத்து அறிவிப்பில் உங்கள் கையெழுத்தே இருக்கிறது. 92ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. முதல்முறையாக வருபவர், குறையைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டால் நடுவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். எதிர்த்து நின்றால் வாய்தா வாய்தாவாக நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும், வழக்கறிஞர் கட்டணமே அபராதத்தைத் தாண்டிவிடும். சிறு முதலாளிக்கு நேரம்தான் மூலதனம்.

முன்னாள் ஆய்வாளர்:
கன்சல்டன்ட் ஐயா சொன்ன கணக்கு பாதி வரைதான் சரி. குற்றச்சாட்டை வாசிக்காமலேயே ஒப்புக்கொள்ளச் சொல்லும் பழக்கத்தை நான் பணியில் இருந்த காலத்திலேயே ஏற்றுக்கொண்டதில்லை. சம்மனோடு வந்த புகார் மனுவின் நகலை முதலில் முழுதாகப் படியுங்கள்.

106ஆம் பிரிவின்படி, குற்றம் ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்யப்பட்டிருக்க வேண்டும். எழுத்து வடிவிலான உத்தரவை மீறிய குற்றமாக இருந்தால் மட்டுமே ஆறு மாதம். சம்மன் உங்கள் கைக்கு வந்த தேதி இதில் பொருட்டல்ல, மனு நீதிமன்றத்தில் தாக்கலான தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம், காயத்தை மனுவில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது. பாதுகாப்பு அத்தியாயத்தின் விதியை மீறியதால் கடுமையான உடற்காயம் நேர்ந்தால் அபராதம் 5,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, மரணம் நேர்ந்தால் 25,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 92ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் கை கால் விரல்களில் ஒரே ஒரு எலும்போ மூட்டோ மட்டும் முறிந்தால் அது அந்த வரையறைக்குள் வராது என்று விளக்கக் குறிப்பு விலக்கியிருக்கிறது. நிரந்தர ஊனம் இருந்தால் கதை வேறு. மருத்துவச் சான்று என்ன சொல்கிறது, மனு என்ன சொல்கிறது என்று ஒத்துப் பாருங்கள். இல்லாத காயத்தை ஒப்புக்கொண்டால், நாளை மீண்டும் இதே விதியில் சிக்கும்போது அது உங்கள் தலையில் விடியும்.

ஒப்புக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆய்வுக்கும் சம்மனுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த இரண்டு பிரஸ்களில் என்ன செய்தீர்கள்? நடுவர் முன் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.

குறிச்சி பட்டறை:
விவரமான பதிலுக்கு நன்றி ஐயா. மனுவில் காயம் "விரல் எலும்பு முறிவு" என்று மட்டுமே உள்ளது. தாக்கல் தேதியை வழக்கறிஞர் மூலம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டனும் (கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் மூலம் கண்டறியும் கருவி) இரு கைப் பொத்தானும் வாங்கிப் பொருத்திவிட்டோம், ரசீதுகள் இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 50 டன் பிரஸ்ஸில் முன்பு காப்பு இருந்தது. டை மாற்றும்போது அந்தத் தொழிலாளியே கழற்றி வைத்துவிட்டு, வேகமாக வேலை முடிய வேண்டும் என்று மாட்டாமல் ஓட்டியிருக்கிறார். இதைச் சொல்லி, குற்றம் செய்தது வேறொருவர் என்று முதலாளி நிரூபித்தால் விடுவிக்கும் 101ஆம் பிரிவின் கீழ் தப்ப முடியுமா?

ஓசூர் சேஃப்டி:
வழக்கை விடுங்கள், முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். உங்கள் பிரஸ் கீ கிளட்ச் வகையா, காற்றழுத்த உராய்வு கிளட்ச் வகையா? பேட்டையில் ஓடும் பழைய பிரஸ்கள் பெரும்பாலும் கீ கிளட்ச் வகைதான். அதில் மிதியை அழுத்திக் கிளட்ச் சாவி விழுந்துவிட்டால் ராம் (இறங்கி அடிக்கும் மேல்பாகம்) ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும், நடுவில் எதுவும் அதை நிறுத்தாது. அதன் முன்னால் லைட் கர்ட்டன் வைத்தால், கை உள்ளே போனதை அது கண்டுபிடிக்கும், விளக்கும் எரியும், ஆனால் ராம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆய்வாளருக்குக் காட்ட வாங்கிய பொருளாக மட்டுமே அது நிற்கும். சாவி தேய்ந்து, மிதிக்காமலே ராம் இரண்டாம் முறை இறங்கும் கோளாறும் இந்த வகையில் உண்டு. அப்போது இரு கைப் பொத்தானும் கைவிட்டுவிடும்.

இரு கைப் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பட்டறையில் இடப்பக்கப் பொத்தானில் ரப்பர் பேண்டைச் சுற்றி அழுத்தியபடியே வைத்துவிட்டு, வலக்கையால் மட்டும் ஓட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓடும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு மின்பெட்டியில் இல்லாததால் வந்த வினை. கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குச் சரியான வழி, ஷீட் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு டையைச் சுற்றி நிலையான கூண்டு அடைப்பதுதான்.

தொழிற்சங்கத் தோழர்:
இவ்வளவு நேரமும் முதலாளி எப்படித் தப்பிப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். விரலில் ஒரே எலும்பு முறிந்தால் சட்டத்துக்கு அது "கடுமையான காயம்" அல்ல என்பதை முன்னாள் அதிகாரி ஒருவர் யோசனையாக எடுத்துக்கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பிரஸ் ஓட்டுபவனுக்கு ஆள்காட்டி விரல்தான் பிழைப்பு.

தொழிலாளியே கழற்றினார் என்ற வாதத்துக்கு வருகிறேன். காப்பைக் கழற்றியது யார் என்று கேட்பதற்கு முன், கழற்றினால்தான் எட்டும் என்ற அளவுக்கு உற்பத்தி இலக்கை வைத்தது யார் என்று கேளுங்கள். குருகிராம், மானேசர் பகுதியில் விரல் இழந்த தொழிலாளர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளில் பவர் பிரஸ்தான் முன்னால் நிற்கிறது. அங்கேயும் பெரிய வாகன நிறுவனங்களுக்குப் பாகம் அடித்துக்கொடுக்கும் சிறு பட்டறைகளில்தான் இது அதிகம். 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பு என்பதே கேலிக்கூத்து. எட்டு பிரஸ்ஸுக்கும் ஒழுங்காகக் காப்பு அமைக்கும் செலவைவிட அபராதம் மலிவாக இருக்கும்வரை, கட்டிவிட்டு வா என்ற யோசனைதான் பேட்டையில் செல்லுபடியாகும்.

முன்னாள் ஆய்வாளர்:
தோழரின் கோபத்தில் நியாயம் உண்டு. காயத்தை ஒத்துப் பார்க்கச் சொன்னது குற்றச்சாட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான், காயத்தைச் சிறுமைப்படுத்த அல்ல. 101ஆம் பிரிவில் அவர் பக்கம் நிற்கிறேன். அந்தப் பிரிவில் தப்ப வேண்டுமானால் இரண்டை நீங்களே நிரூபிக்க வேண்டும்: சட்டத்தை நடைமுறைப்படுத்த உரிய கவனம் எடுத்தீர்கள் என்பது ஒன்று, உங்கள் அறிவோ சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவர் அதைச் செய்தார் என்பது மற்றொன்று. தினமும் பிரஸ்ஸைக் கடந்து செல்லும் சூப்பர்வைசருக்குக் காப்பு இல்லாதது தெரியாது என்று எந்த நடுவரும் நம்பமாட்டார். குற்றவாளி என்று கைகாட்டும் அந்த ஆளையும் புகார் கொடுத்து நீதிமன்றத்துக்கு நீங்களே கொண்டுவர வேண்டும். உங்களிடம் வேலைக்குத் திரும்பிய மனிதரை அங்கே நிறுத்தப் போகிறீர்களா?

நிறுவனம் கம்பெனியாக இருந்தால், மேலாளரை ஆக்குபையராக (தொழிற்சாலையின் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவராக) காட்டி இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது.

லைசென்ஸ் கன்சல்டன்ட்:
101ஆம் பிரிவு பலிக்காது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். ஆனால் ஆய்வின்போதே பட்டறைக்காரர்கள் அதிகம் பேசிக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பதிவுசெய்கிறேன். தொழிற்சாலைகள் சட்டத்தின் 9ஆம் பிரிவிலேயே, தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று இருந்தது. ஆய்வாளர் வந்தால் டீ கொடுங்கள், பதிவேடுகளைக் கொடுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்.

முன்னாள் ஆய்வாளர்:
அந்தப் பாதுகாப்பு உண்மை. அதை நம்பிப் பதிவேட்டை மறைத்தாலோ தொழிலாளியை ஆய்வாளர் முன் வரவிடாமல் தடுத்தாலோ அதே சட்டத்தின் 95ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் இருந்தது என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்தவரை, ஆய்வாளரோடு இயந்திரம் இயந்திரமாக நடந்து, அவர் காட்டிய குறையை அங்கேயே எழுதி, அன்று மாலையே படம் எடுத்துவைத்த முதலாளிகளின் பதில்தான் கனமாக இருந்தது. கட்டட, இயந்திரப் பாதுகாப்பு பற்றிய அதன் 40ஆம் பிரிவின் கீழ் எழுத்து வடிவில் உத்தரவு வந்து அது நியாயமற்றது என்று தோன்றியிருந்தால், 30 நாளுக்குள் 107ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்திருக்கலாம். நாள் கடந்தபின் நீதிமன்றத்தில் வந்து, அந்த உத்தரவே தவறு என்று சொல்வதில் பயனில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தையும் கவனியுங்கள். பொதுவான மீறலுக்கே 2 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது, சிறையும் உண்டு. அந்த அபராதத்தில் குறைந்தது பாதியைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஜூனில் நடந்த உங்கள் விபத்துக்கு இந்தக் கூடுதல் தொகை பொருந்தாது, அடுத்த விபத்துக்குப் பொருந்தும்.

லைசென்ஸ் கன்சல்டன்ட்:
அதே புதிய சட்டத்தில் அபராதத்துக்கு மட்டும் உரிய குற்றங்களை உச்சத் தொகையில் 50 சதவீதம் கட்டி நீதிமன்றத்துக்குப் போகாமலே முடித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறதே! கட்டிவிட்டுப் போவதைச் சட்டமே இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது.

தொழிற்சங்கத் தோழர்:
குறிப்பிட்ட காலத்துக்குள் அதே குற்றத்தை மறுபடி செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறிச்சி பட்டறை:
தொழிலாளி மேல் பழிபோடும் வாதத்தை எடுக்கப்போவதில்லை, அவருக்கும் அதைச் சொல்லிவிட்டேன். தாக்கல் தேதி மூன்று மாதத்துக்குள்தான் இருக்கிறது என்று வழக்கறிஞர் பார்த்துச் சொன்னார். எனவே காப்பு இல்லாததை மட்டும் ஒப்புக்கொண்டு, திருத்திய விவரங்களைத் தாக்கல் செய்வதாக முடிவு. எட்டு பிரஸ்ஸில் ஆறு கீ கிளட்ச் வகை. கூண்டு அடிக்கக் கொடுத்திருக்கிறேன். நாங்கள் ஓட்டும் ஷீட் 1.2 மில்லிமீட்டர் தடிமன். திறப்பு எவ்வளவு விடலாம்?

ஓசூர் சேஃப்டி:
6 மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள், அதற்குள் விரல் நுழையாது. அடித்த பாகத்தைக் கையால் எடுக்க வேண்டியிருந்தால் கூண்டு இரண்டு நாளில் மறுபடி மூலைக்குப் போய்விடும். ஆகவே பாகம் தானாகச் சரிந்து விழும்படி டையின் பின்புறம் சறுக்குத் தகடு வையுங்கள். கூண்டைக் கையாலேயே கழற்றக்கூடிய விங் நட்டில் மாட்டாதீர்கள், தனிச் சாவி போட்டால்தான் கழலும் ஆலன் போல்ட்டில் மாட்டி, அதன் சாவியை டை மாட்டும் செட்டரிடம் மட்டும் கொடுங்கள்.